பூட்டிய மெயினும் எரிந்த விளக்கும்

குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது ஏசி மண்டபத்தில் கல்யாணம் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வெளியே மலையிலிருந்து காற்று சும்மா இறங்கி வருகிறது. சாரல் முகத்தில் படுகிறது. இவர்கள் என்னடாவென்றால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, எண்ணூறு பேரை உள்ளே உட்காரவைத்து, அந்த எண்ணூறு பேர் விட்ட மூச்சையே குளிரவைத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒருநாள் ஓமப்புகை, மறுநாள் பிரியாணி வாசம், எல்லா நாளும் சென்ட்டு. இதற்கு அழைப்பிதழ் வேறு அடிக்கிறார்கள்.

எரிச்சல் வந்தாலும் கூப்பிட்டால் போவேன். வயரிங் வேலை அப்படி.

அந்த மண்டபம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. போன ஆவணியில் அங்கே ஒரு வரவேற்பில் நாலு பேர் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாரல் பட்டதும் எழுந்து உட்கார்ந்து, பந்தி ஆரம்பிச்சாச்சா என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு ஞானம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. அதை மொட்டைமாடியில் வைத்து, மேலே தகரக் கொட்டகை போட்டார்கள். பெட்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. மேனேஜர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கவில்லை. "மூச்சு மெஷினுக்கு என்னைக்கு லைன் குடுக்கீங்க?" என்றுதான் போனில் கேட்டார். இரண்டு நாளில் ஒரு பெரிய கல்யாணம் இருந்தது.

எனக்கு அந்த மெஷினைப் பார்த்ததும் பிடித்துப்போனது. உள்ளே இரண்டு பெரிய காற்றாடிகள். ஒன்று ஹாலில் இருக்கிற பழைய காற்றை வெளியே தள்ளும். இன்னொன்று மலைக்காற்றை உள்ளே இழுக்கும். நடுவில் மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு காற்றும் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒன்றோடொன்று கலக்காமல் கடந்து போகும். போகிற போக்கில், வெளியேறுகிற காற்று தன் குளிர்ச்சியை மட்டும் உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அழுக்கு போகும், குளிர்ச்சி தங்கும். இதைக் கண்டுபிடித்தவன் மனிதர்கள்மேல் ரொம்பப் பிரியம் உள்ளவனாக இருந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் எந்த ஊர்க்காரனோ, அவன் ஊரிலும் ஒரு மலை இருந்திருக்குமோ, அதன் மேலும் இப்படி மேகம் வந்து உட்காருமோ என்று யோசித்துக்கொண்டு, திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றேன்.

"பாத்தது போதும். கேபிளப் பிடிங்க" என்றாள் வேல்விழி.

வேல்விழி என் மனைவி. கடையத்துக்காரி. எலெக்ட்ரீசியன் படிப்பு முடித்து லைசென்ஸ் வாங்கியவள். கடை போர்டில் என் பெயர் இருக்கிறது, லைசென்ஸ் அவள் பெயரில் இருக்கிறது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். சேர்ந்து வேலை பார்ப்பதும் பதினாலு வருஷம். எனக்கு ஒரு கோளாறு உண்டு. நின்றுகொண்டே கனவு காண்பேன். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் 'ம்' கூடச் சொல்வேன், ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டேன். கரண்ட் வேலையில் இது எப்பேர்ப்பட்ட கோளாறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் கம்பியில் கை வைக்கிற வேலை அவளுக்கு, கீழே பேனல் பக்கத்தில் காவல் நிற்கிற வேலை எனக்கு. நிற்பதற்குக்கூட நான் லாயக்கில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேனல் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தது. மெஷினுக்குத் தனியாக ஒரு பிரேக்கர் மாட்ட வேண்டும். பழைய பேனல் என்பதால் மொத்த மண்டபத்துக்கும் மெயினை இறக்கினால்தான் அது முடியும். வேல்விழி மெயினை இறக்கி, கைப்பிடியில் சிவப்புப் பூட்டைப் போட்டாள். 'ஆள் வேலை செய்கிறார். மெயினைப் போடாதீர்' என்று எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டாள். சாவியைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

பிறகு டெஸ்டரை எடுத்தாள். மெயினுக்கு முன்னால் இருக்கிற, கரண்ட் உள்ள லைனில் வைத்தாள். எரிந்தது. பூட்டுக்குப் பின்னால் இருக்கிற லைனில் வைத்தாள். எரியவில்லை. மறுபடியும் முதல் லைனில் வைத்தாள். எரிந்தது. செத்திருப்பது கரண்டா, டெஸ்டரா என்று தெரிய வேண்டாமா என்பாள். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட இதை அவள் விட்டதில்லை. கோயிலில்கூட நீ மூணு சுற்று முழுசாகச் சுற்றுவதில்லை என்று நான் கேலி செய்வேன். அன்றும் செய்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் பிரேக்கரை மாட்டி, கேபிளை மாடிக்கு ஏற்றிவிட்டோம். மெயின் பூட்டியபடியே இருக்க, மேலே நின்று அவள் லைன் சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க, கீழே நான் புதுப் பிரேக்கரை ஏற்றி இறக்கிக் காட்டினேன். போனிலேயே பேசிக்கொண்டோம். ஏத்துங்க, எறக்குங்க, ஏத்துங்க. எல்லாம் சரியாக இருந்தது.

"சரி, நான் கேபிள மெஷின்ல ஸ்க்ரூ வச்சு முடுக்கப் போறேன். பிரேக்கர எறக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

இறக்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக மலை தெரிந்தது. மெயின்தான் பூட்டியிருக்கிறதே என்று மனதின் ஒரு ஓரம் சொல்லியிருக்க வேண்டும். மீதி மனசு மலைக்குப் போய்விட்டது.

வாசலில் சுடலைமாடன் என்று ஒருவர் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். ஆய்க்குடிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். காலையில் லோடு ஆட்டோவில் பல்பு மாலைகளும் ஜெனரேட்டருமாக வந்து இறங்கியவர், ஒருமுறை உள்ளே வந்து, "கரண்ட் எப்பம் வரும் அண்ணாச்சி?" என்று கேட்டார். சாயங்காலம் ஆகும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர். போகிற வழியில் எங்கள் அட்டையைப் படித்து, பூட்டையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்று மணி இருக்கும். மேகம் மலையின் பாதிக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மலையே இல்லை. எதிரே இருந்த தென்னந்தோப்பு இல்லை. ரோடு இல்லை. சாரல் கதவு வழியாக உள்ளே வந்து, அடுக்கிவைத்திருந்த நாற்காலிகள்மேல் படிந்தது. நான் பேனல் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இருட்டிக் கிடந்த ஹாலைப் பார்த்தேன். இந்த ஹாலுக்குள் எத்தனை கல்யாணத்து மூச்சு இன்னும் வெளியே போகாமல் கிடக்கும் என்று யோசனை ஓடியது. தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் ஒரு விநாடி மூச்சைப் பிடிப்பார்களே, அந்த மூச்சு. பெண்ணை அனுப்பும்போது அப்பாக்காரன் விடுகிற மூச்சு. எல்லாம் மேல்கூரைப் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். மெஷின் ஓடியதும் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏறி, தகட்டைத் தாண்டி, மலைப் பக்கம் போகும். போகும்போது நல்லதை மட்டும் விட்டுவிட்டுப் போகும். தூரத்தில் அருவிச் சத்தம் கேட்டது. அது கொஞ்சம் கூடியது மாதிரி இருந்தது. மேலே நல்ல மழை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஹாலின் நடுவே தொங்கிய பெரிய கண்ணாடி விளக்கு எரிந்தது.

முதலில் மங்கலாக, பிறகு முழுசாக. சாரல் படிந்த காற்றில் அந்த வெளிச்சம் பரவி, ஒவ்வொரு நாற்காலியும் பொன் நிறமாகத் தெரிந்தது. மேடையில் கட்டியிருந்த சின்ன பல்புகள் நீலமும் சிவப்புமாக ஓட ஆரம்பித்தன. ஆள் இல்லாத கல்யாணம். எவ்வளவு அழகு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் வாய் லேசாகத் திறந்துகூட இருந்திருக்கும். அந்த நினைப்புக்கு எத்தனை விநாடி ஆனது என்று எனக்குத் தெரியாது. மூன்றா, பத்தா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெயின் பூட்டியிருக்கிறது. சாவி மேலே இருக்கிறது. விளக்கு எரிகிறது.

அருவிச் சத்தம் இல்லை அது. ஜெனரேட்டர்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. பேனலைப் பார்த்தால் புதுப் பிரேக்கர் மேலே தூக்கி நின்றது. அதை அடித்து இறக்கினேன். போனை எடுக்கத் தோன்றவில்லை. படிக்கு ஓடினேன். மூன்று மாடி. வேலு, வேலு என்று கத்தியிருக்கிறேன். அது என் காதிலேயே விழவில்லை, பிறகு அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு காட்சி வந்து நின்றது. திறந்த பெட்டிக்கு முன்னால் அவள் குனிந்திருக்கிறாள், எழுந்திருக்கவில்லை. சாமி, நான் இனிமேல் எதையும் பார்த்து நிற்க மாட்டேன், எந்த மலையையும் பார்க்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.

மாடிக் கதவைத் தள்ளினேன். மேகம் மாடிமேலேயே கிடந்தது. பத்தடியில் இருந்த கொட்டகை தெரியவில்லை. வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. அதற்குள் நடந்தேன்.

"அங்கனயே நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

வேல்விழி கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மெஷினின் ஒயர் பெட்டி திறந்திருந்தது. கேபிள் முனைகள் அதற்கு முன்னால் விரித்தபடி கிடந்தன, பாதி முடுக்கியும் பாதி முடுக்காமலும். அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கையில் டெஸ்டர். முகம் வெளுத்திருந்தது.  நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாரல் உள்ள அடிச்சுது" என்றாள் மெதுவாக. "ஷீட்டப் போட்டு மூடிட்டு ஒதுங்கி உக்காந்தேன். மழ கொஞ்சம் விட்டு வெறிச்சுது. திரும்பக் கை வைக்கதுக்கு முன்னால டெஸ்டர வச்சேன். எரிஞ்சுது. நான் டெஸ்டருதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் படக்குனு அணஞ்சுட்டு."

"நான்தான் எறக்குனேன்."

"அப்பம் ஏறியா இருந்துச்சு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழை வருவதற்கு முன்னால் இரண்டு முனைகளை வெறுங்கையால் நீவிச் சரிசெய்து முடுக்கியிருக்கிறாள். மழை ஒரு ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் மூன்றாவது முனை அவள் விரலில் இருந்திருக்கும்.

கீழே இறங்கினோம். மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய சாக்கெட்டில் மஞ்சள் வயர் ஒன்று சொருகியிருந்தது. அது பக்கவாட்டு வராந்தா வழியாக வெளியே ஜெனரேட்டருக்குப் போனது. சுடலைமாடன் போனைத் தூக்கிப் பிடித்து ஹாலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாக்கெட்டில் இருந்த பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் வேல்விழி. "மொதல்ல ஜெனரேட்டர அணைங்க. அதப் பிடுங்குனா பிளக்கோட ஊசியில கரண்ட் நிக்கும்."

அவர் ஓடிப்போய் அணைத்தார். விளக்கு போய், ஹால் பழையபடி சாம்பல் நிறமானது.

இந்த வயரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண வயருக்கு ஒரு பக்கம்தான் பிளக் இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, மறுமுனையைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால், கரண்டைக் கொடுக்க வேண்டிய சாக்கெட் கரண்டை வாங்கிக்கொள்ளும். கட்டிடத்து வயரிங் முழுக்கப் பின்பக்கமாக உயிர் வந்துவிடும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஸ்பீக்கரும் லைட்டுமாக ரேடியோ செட் கட்டுகிறவர்கள், கரண்ட் போனால் ஊர்க் கோயிலுக்கு வெளிச்சம் கொடுக்க இப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்கு இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மெயினை இறக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் தெருக் கம்பத்துக்குப் போய்விடும்.

"அண்ணன், அட்டையப் படிச்சீங்கல்லா?" என்று வேல்விழி கேட்டாள்.

"படிச்சேன் மதினி. மெயினப் போடாதன்னுதான எழுதியிருந்துச்சு. நான் மெயினப் போடலையே." சுடலைமாடன் கையிலிருந்த போனைக் காட்டினார். "மாப்ள வீட்டுல மேடைய லைட்டோட படம் எடுத்து அனுப்பச் சொன்னாவ. மெயின் எறங்கி, பூட்டும் போட்டுக் கெடக்கு. எவனும் தெரியாமக்கூட ஏத்திர முடியாது. இதவிடப் பந்தோபஸ்தா எங்களுக்கு ஒருநாளும் அமையாது மதினி. அதான் தைரியமாக் குடுத்தேன்."

 வேல்விழி தன் உயிரைக் காப்பதற்குப் போட்ட பூட்டைப் பார்த்துத்தான் அந்த மனிதருக்குத் தைரியம் வந்திருக்கிறது. அவரை எப்படித் திட்டுவது? அவருக்குத் தெரிந்த கட்டுப்பாட்டை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்.

"மாடியில நான் ஒயர்ல கை வச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணன்" என்று மட்டும் சொன்னாள். சுடலைமாடன் அப்படியே மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு மதினி" என்றார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது.

அந்த வயரைச் சுருட்டி எடுக்கும்போதுதான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு பிளக்குக்கும் கீழே, வயர் உள்ளே நுழைகிற இடத்தில், மீன் தூண்டில் நரம்பை நெருக்கமாகச் சுற்றி, அதற்கு மேல் ரோஸ் நிறத்தில் நெயில் பாலிஷ் பூசியிருந்தது. தண்ணீர் இறங்காமல் இருப்பதற்கு. அந்தப் பூச்சை விரலால் தடவிப் பார்த்தேன்.

"இது எங்கன வாங்குனது?" என்று கேட்டேன்.

"ராயகிரி இசக்கிப்பாண்டி அண்ணாச்சிகிட்ட" என்றார் சுடலைமாடன்.

அவருடைய பல்புகளுக்கு ஜெனரேட்டரிலிருந்து நேராகத் தனி வயர் போட்டுக் கொடுத்தோம். மண்டபத்துச் சாக்கெட் எதையும் தொட வேண்டாம் என்றோம். தொடுவேனா என்றார். இந்த முறை வேல்விழி, நான் இறக்கிய புதுப் பிரேக்கருக்கும் ஒரு பூட்டைப் போட்டாள். என்னை ஒன்றும் சொல்லாமல், பிரேக்கர் இறங்கியிருக்கிறதா என்று தானே இன்னொரு தடவை பார்த்துவிட்டு மேலே போனாள். அது எனக்குச் சுருக்கென்றது. அதற்கு வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

மிச்சமிருந்த முனைகளில் எர்த் வயரை முதலில் முடுக்கினாள். பிறகு மற்றதை. ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மூடி, பூட்டுகளை எடுத்து, கரண்டைக் கொடுத்தோம். புதுக்காற்றை இழுக்கிற காற்றாடி ஒழுங்காகச் சுற்றியது. பழைய காற்றைத் தள்ளுகிற காற்றாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. மோட்டாருக்குப் போகிற இரண்டு வயர் இடம் மாறியிருந்தது. மறுபடியும் அணைத்து, பூட்டைப் போட்டோம். உடனே திறக்க முடியாது. காற்றாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு பெட்டி அதில் உண்டு. அணைத்த பிறகும் அதற்குள் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பத்து நிமிஷம் காத்திருக்கவும் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது.

பத்து நிமிஷம். மாடியில் நாங்கள் இரண்டு பேரும், சுற்றிலும் மேகமும். சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போன மாதிரி இருந்தது. கீழே பஸ் போவது கனவில் போவது மாதிரி கேட்டது. வேல்விழி அந்த மஞ்சள் வயரை மடியில் வைத்துக்கொண்டு, ரோஸ் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேர்த்தியாச் செஞ்சிருக்கான் பாருங்க. இத்தன நேர்த்தியா ஒருத்தன் எமனச் செஞ்சு வச்சிருக்கான்" என்றாள். "இவன் மட்டும் என் கையில கெடச்சான்னா."

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் கை அந்த வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் வேலு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ராயகிரியில் ஒரு ரேடியோ செட்டில் இருந்தது அவளுக்குத் தெரியும். இது தெரியாது. அங்கே இந்த வயரைச் செய்ய ஆரம்பித்தவன் நான். மழையில் ஒருநாள் பிளக்குக்குள் தண்ணீர் இறங்கி அடித்ததால், தூண்டில் நரம்பைச் சுற்றி, என் தங்கச்சியின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசினேன். எல்லோரும் பாராட்டினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தேன். மெயினை இறக்கிவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியும் கொடுத்தேன். இசக்கிப்பாண்டி என்கூட வேலை பார்த்தவன். சுடலைமாடன் சொன்னாரே, அந்தக் கட்டுப்பாடு என் வாயிலிருந்து போனதுதான். இறக்கிய மெயினுக்கு இந்தப் பக்கம் யாராவது கை வைத்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாரல் அவள் முடியில் பொடிப்பொடியாக நின்றது.

"எத்தன செஞ்சீங்க?"

"ஏழோ எட்டோ."

மணியைப் பார்த்தாள். பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. எழுந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய், வயரை மாற்றிப் போட்டாள். 

இரண்டாவது முறை கரண்டைக் கொடுத்தபோது இரண்டு காற்றாடிகளும் சரியாகச் சுற்றின. நாங்கள் கீழே ஹாலுக்கு வந்தோம். கூரையில் இருந்த சதுரச் சல்லடைகள் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. சத்தமே இல்லை. சாரலும் ஈர மண்ணும் பச்சை இலையும் சேர்ந்த வாசம் மெல்ல ஹாலை நிறைத்தது. பழைய சாம்பார் வாசமும் ஏசி வாசமும் போய்க்கொண்டிருந்தன. மேடைத் திரை ஒருமுறை உப்பி அடங்கியது. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி நடு ஹாலில் நின்று நெஞ்சை விரித்து மூச்சை இழுத்துவிட்டு, "மலைய உள்ள கொண்டாந்துட்டீங்களே" என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் நான் அந்தக் காற்றிலேயே ஒரு மணி நேரம் மிதந்திருப்பேன். அன்றைக்கு என்னால் வேல்விழியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேனேஜர் போனதும் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயரிங் படம் வரைந்த தாளைத் திருப்பி வைத்து, பேனாவை எடுத்தாள்.

"இசக்கிப்பாண்டிக்குப் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஏழோ எட்டோ எங்கன இருக்குன்னு கேளுங்க. நாளைக்கே போயி வாங்கிருவோம்."

போட்டேன். வருஷக்கணக்காகப் பேசாத நம்பர். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"பாண்டிராஜ் அண்ணாச்சியா? என்ன அண்ணாச்சி, எம் ஞாபகமெல்லாம் இருக்கா?" அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இருக்குலே. அந்தக் காலத்துல செஞ்சு குடுத்தேன்லா, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரு. அதெல்லாம் எங்கன இருக்கு?"

"அது கல்லு மாதிரி கெடக்கு அண்ணாச்சி, ஒண்ணுகூடப் பழுதாவல. அதப் பாத்துதான நான் எல்லாவனுக்கும் செஞ்சு குடுக்கேன். நாப்பது அம்பது குடுத்திருப்பேன். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூருன்னு போயிருக்கு. ஒரு மாத்தமும் கெடையாது, தூண்டி நரம்பு, ரோஸ் பாலிஷு எல்லாம் ஒங்க கணக்குதான். கடையில வந்து பாண்டிராஜ் வயரு இருக்கான்னுதான் அண்ணாச்சி கேக்கானுவ."

வேல்விழியின் பேனா தாளில் அப்படியே நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வராது.

"இசக்கி" என்றேன். "இன்னைக்கு அந்த வயர்ல எம் பொண்டாட்டி போயிருப்பா."

நடந்ததை முழுசாகச் சொன்னேன். மெயினை இறக்கிப் பூட்டியிருந்தது, அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் வயரைச் சொருகினார் என்பது, மேலே அவள் கை வைத்திருந்தது எல்லாவற்றையும்.  லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. அவன் மூச்சு கேட்டது.

"யாருக்கெல்லாம் குடுத்தன்னு ஒவ்வொரு பேராச் சொல்லுலே. எழுதிக்கிடுதோம்" என்றேன்.

"மொதப் பேரு எம் மவன் மணிகண்டபிரபு" என்றான் இசக்கிப்பாண்டி. அந்தச் சந்தோஷக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. "அந்த வயரோடதான் ஒரு கொடைக்கு செட்டு கட்டப் போயிருக்கான். அங்கன வயர்மேன் மெயின எறக்கிப் போட்டுட்டு காலையிலேருந்து வேல பாக்காரு, இன்னும் முடியலன்னு சொன்னான். வைங்க அண்ணாச்சி, நான் அவனுக்குப் போன் அடிக்கேன்."

வைத்துவிட்டான். வேல்விழி தாளில் அந்தப் பெயரை எழுதினாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, அது அடிப்பதற்காக உட்கார்ந்திருந்தோம்.